காற்றுக்கு முதுகு காட்டிய விமானம்

அந்தமானில், போர்ட் பிளேரின் மின்னி பே குடியிருப்பில் சுரேந்திரனைக் கேப்டன் என்று கூப்பிடாத ஆளே கிடையாது. மீன் விற்கிற பெங்காலிக்காரி முதல் ரேஷன் கடைத் தெலுங்கர் வரைக்கும் அவன் "கேப்டன் சாப்"தான். இத்தனைக்கும் அவன் கேப்டன் இல்லை. துணை விமானியாகக்கூட அப்போது யாரும் அவனை வேலைக்கு எடுத்திருக்கவில்லை.

அவன் அப்பா காத்தமுத்து இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்து, நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக் காலம் தள்ளியவர். சுனாமிக்குப் பிறகு குடும்பம் போர்ட் பிளேருக்கு வந்துவிட்டது. அப்பா தவறிய பின் அம்மா சொர்ணம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து மகனை வளர்த்தாள். அரசாங்க உதவித்தொகையில், தீவுக்காரர்கள் மெயின்லேண்ட் என்கிற இந்தியப் பெருநிலத்துக்குப் போய் விமானம் ஓட்டப் படித்துவிட்டு, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்துக்கான உரிமத்தோடும் ஒரு கறுப்புக் கண்ணாடியோடும் சுரேந்திரன் திரும்பி வந்தான். வேலை கிடைக்கவில்லை. ஜெட்டியில், படகுத்துறையில், சுற்றுலாப் படகுகளுக்கு ஆள் ஏற்றிவிடும் வேலைக்குப் போனான். அதற்கும் தோளில் தங்கப்பட்டை வைத்த வெள்ளைச் சட்டைதான். மழையானாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டான்.

ராஜமாணிக்கம் அண்ணாச்சிக்கு விமான ஆசை வந்தபோது சுரேந்திரனுக்கும் விடிந்தது. அண்ணாச்சி சிவகாசிப் பக்கத்துக்காரர். தீவெல்லாம் ஜெட்டி கட்டிய கான்ட்ராக்டர். தான் கட்டிய ஜெட்டிகளின் நிலைமை தெரிந்ததாலோ என்னவோ, இனிமேல் வான்வழிதான் என்று முடிவு செய்தார். ஒற்றை எஞ்சின் டர்போப்ராப் விமானம் ஒன்றைப் பழையதாக வாங்கினார். லாரி வாங்குகிற மாதிரியேதான் வாங்கினார். டயரை உதைத்துப் பார்த்தார், கதவை நாலு தரம் சாத்திப் பார்த்தார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மனைவி அன்னம்மாளின் பெயரால் கம்பெனிக்கு "அன்னம் ஏர்" என்று பேர் வைத்து, வாலின் இடது பக்கத்தில் கை கூப்பிய தன் படத்தையும் பெரிதாக ஒட்டிக்கொண்டார்.

கேப்டனாக வந்தவள் திவ்யா. மதுரைக்காரி, சுரேந்திரனைவிட வயதில் சின்னவள், அதிகம் பேசமாட்டாள். துணை விமானியாகச் சேர்ந்த சுரேந்திரன் முதல் நாளே சாவித் துவாரத்தைத் தேடினான்.

"சாவி எங்க மேடம்?"

"இதுல சாவி கிடையாது."

"அப்ப எப்படிக் கெளப்புறது?"

"அதைக் கத்துக்கத்தான் வந்திருக்கீங்க. கையை மடியில வைங்க."

ஒரு வாரம் அவன் கை மடியில்தான் இருந்தது. அவன் பழகிய பிஸ்டன் எஞ்சின் ஸ்கூட்டர் மாதிரி. மக்கர் பண்ணினால் இன்னொரு தரம் முடுக்கலாம், வைதுகொண்டே முடுக்கலாம். இந்த விமானத்தில் இருக்கும் டர்பைன் அப்படியில்லை என்றாள் திவ்யா. தப்பாகக் கிளப்பினால் அது நின்று போகாது, தன்னைத்தானே எரித்துக்கொள்ளும்.

"முதல்ல காத்து. அப்புறம்தான் நெருப்பு," என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். "இந்த ஸ்டார்ட்டரைப் போட்டா பேட்டரி எஞ்சினைச் சுத்த ஆரம்பிக்கும். சுத்து வேகம் இந்த மானியில ஏறும். பன்னெண்டைத் தாண்டி நிலைச்சாத்தான் உள்ள போதுமான காத்து இருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் இந்த லீவரைத் தள்ளி எரிபொருள் விடணும். விட்டதும் கண்ணு வெப்பமானியை விட்டு நகரக்கூடாது, கை லீவரை விட்டு எடுக்கக்கூடாது. வெப்பம் சிவப்புக்கோட்டைப் பார்த்து ஓடினா உடனே எரிபொருளை நிறுத்தணும். ஆனா ஸ்டார்ட்டரை நிறுத்தக்கூடாது. அது சுத்திச் சுத்தி உள்ள இருக்கிற சூட்டை வெளியே தள்ளணும்."

"இவ்வளவுதானா?"

"காத்துக்கு மூஞ்சியைக் காட்டி நிக்கணும். பின்னாலிருந்து காத்தடிச்சா சூடு வெளியே போகாது. பேட்டரி இளைச்சிருந்தா தொடவே கூடாது, அந்த மஞ்சள் வண்டியைக் கொண்டாந்து கரண்ட் குடுக்கணும்."

மஞ்சள் வண்டி என்பது விமானத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் தள்ளுவண்டி. துருப்பிடித்தது, ஆனாலும் வேலை செய்வது.

சுரேந்திரன் மக்கு இல்லை. எல்லாவற்றையும் கிளிப்பிள்ளை போல ஒப்பித்தான். எஞ்சின் ஓடாத விமானத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கும்போது மட்டும் வெப்பமானியைப் பார்க்கவேண்டிய கண் ஜன்னலுக்கு ஓடிவிடும்.

"வெளியே யாரு நிக்குறா?" என்றாள் திவ்யா ஒருநாள்.

"யாரும் இல்ல மேடம்."

"அப்புறம் யாருக்கு போஸ் குடுக்குறீங்க?"

வீட்டிலும் ஒத்திகை நடந்தது. சமையலறை மணைப்பலகையில் உட்கார்ந்து, கரண்டியை லீவராகப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வெப்பம் ஏறுதா பாரு," என்பான். சொர்ணம்மா அடுப்பைப் பார்த்து, "ஏறுதுய்யா, கொழம்பு அடிபிடிக்குது. கரண்டியக் குடு," என்பாள்.

தொடக்க விழாவுக்கு அண்ணாச்சி விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைன் முழுக்க பேனர் கட்டினார். ஒரு அரசுத் துறையின் செயலர் தலைமை. அவர் நாடாவை வெட்டி, விமானத்தில் ஏறி, கார் நிக்கோபார் தீவுக்கு முதல் பயணம் போவதாக ஏற்பாடு. பந்தலும் சோபாவும் விமானத்துக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் போடப்பட்டன. விமானத்தை முந்தின நாள் சாயங்காலமே திவ்யா கடற்காற்றுக்கு எதிராக, முறைப்படி நிறுத்திவிட்டுப் போயிருந்தாள்.

காலையில் வந்து பார்த்தால் விமானம் நேர்மாறாகத் திரும்பி நின்றது. அப்படி நிறுத்தினால்தான் பந்தலிலிருந்து எடுக்கிற போட்டோவில் வாலின் இடது பக்கம் இருக்கும் அண்ணாச்சியின் முகம் விழும் என்று போட்டோக்காரர் சொல்லியிருந்தார். மஞ்சள் வண்டியைக் காணோம். துருப்பிடித்த சாமானைச் செயலர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று பந்தலுக்குப் பின்னால், சமையல் பாத்திரங்களுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தார்கள். விமானத்துக்குள் அண்ணாச்சியின் சொந்தபந்தங்கள் விளக்கையும் விசிறியையும் போட்டுக்கொண்டு, விடிந்ததிலிருந்து முறைவைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் பேட்டரியில்.

திவ்யா எல்லாரையும் கீழே இறக்கினாள். "விமானத்தைத் திருப்புங்க, மஞ்சள் வண்டி வரட்டும்," என்று சொல்லி வாய் மூடவில்லை, மேடையிலிருந்து ஆள் வந்துவிட்டது. பெண் கேப்டன் குத்துவிளக்கேற்றுகிற மாதிரி செயலருக்குப் படம் வேண்டுமாம்.

"நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க," என்று சுரேந்திரனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவன் தொடவில்லை. விமானத்தின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தான். மின்னி பே மொத்தமும் வந்திருந்தது. இரண்டாவது வரிசையில் அம்மா பட்டுச்சேலையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளுக்கு விரல் நீட்டி அவனைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே அண்ணாச்சியின் தலை முளைத்தது. "தம்பி, செக்ரட்டரி சாப் வாட்சைப் பாக்காரு. வெளக்கு முடியறதுக்குள்ள காத்தாடி சுத்துற மாதிரி ஒரு போட்டோ வேணும். சட்டுனு கெளப்பு."

"மேடம் வரட்டும் அண்ணாச்சி. காத்து பின்னால இருந்து அடிக்குது."

"காத்துன்னா நாலு பக்கமும்தாம்லே அடிக்கும். நீ கேப்டன்தான?"

கேட்ட கேள்வி அப்படி. இல்லை என்று சொல்ல சுரேந்திரனுக்கு வாய் வரவில்லை. கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஸ்டார்ட்டரைப் போட்டான்.

காத்தாடி மெதுவாக, தூக்கம் கலையாதவன் புரண்டு படுக்கிற மாதிரி அசைந்தது. சுற்று வேகம் ஆறு, எட்டு என்று ஏறி, பத்தில் வந்து குந்திக்கொண்டது. செல்ஃபிக்காரர்கள் குடித்தது போக பேட்டரியில் மிச்சம் அவ்வளவுதான். பன்னெண்டு வரவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். வராது என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் வெளியே கூட்டம் மொத்தமும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. லீவரைத் தள்ளினான்.

உள்ளே "புஸ்" என்று ஏதோ பற்றியது. வெப்பமானியில் எண்கள் பட்டாசுத் திரியில் தீ ஓடுவது போல ஓடின. லீவரின் மேல் இருந்த கை கல்லாகிவிட்டது. இப்போது நிறுத்தினால் எல்லாரும் என்ன நினைப்பார்கள் என்பதுதான் அவனுக்கு அந்தக் கணத்தில் தோன்றியது. அந்த நினைப்பு முடிவதற்குள் எண் சிவப்பைத் தாண்டியது. அதைக் கண்ட பிறகுதான் கைக்கு உயிர் வந்தது. லீவரை வெடுக்கென்று பின்னால் இழுத்தான். ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. அது முனகிக்கொண்டே சுற்றட்டும் என்று விட்டு, எண் இறங்குவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான்.

வெளியே மூக்குப் பக்கத்துப் புகைக்குழாயிலிருந்து ஒரு முழம் தீ நாக்கு நீட்டியது. பிறகு மண்ணெண்ணெய் வாடையோடு கரும்புகை வந்தது. பின்காற்று அதைச் சிந்தாமல் சிதறாமல் அள்ளிக்கொண்டு போய் நேராக முதல் வரிசை சோபாவில் சேர்த்தது. செயலரின் சந்தனநிற சஃபாரி சூட்டில் கரி படிந்தது.

கூட்டம் கைதட்டியது. விமானம் அப்படித்தான் கிளம்பும்போல என்று நினைத்துக்கொண்டு, முன்வரிசையில் இருந்தவர்கள் இருமிக்கொண்டே தட்டினார்கள். "வாஹ் கேப்டன் சாப்!" என்று யாரோ கத்தினார்கள்.

அண்ணாச்சி ஓடி வந்தார். "நல்லாத்தானலே வந்துச்சு, ஏன் நிப்பாட்டின? இன்னொரு தரம் போடு."

"முடியாது அண்ணாச்சி."

"ஏன் முடியாது? நம்ம லாரி ஆறு தரம் இழுத்தா ஏழாவது தரம் கெளம்பும்."

"இது எரிஞ்சு போகும்."

"ஜனம் பாத்துக்கிட்டிருக்குலே!"

சுரேந்திரன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டான். கழுத்தில் மாலையும் நெற்றியில் குங்குமமுமாகத் திவ்யா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து ஏறினாள். மூச்சு வாங்கியது.

"சிவப்பைத் தாண்டிச்சா?"

"சேச்சே, கிட்டகூடப் போகலம்மா," என்றார் ஜன்னலில் இருந்த அண்ணாச்சி, வெப்பமானி எது என்றே தெரியாமல். சுரேந்திரனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

சும்மா தலையாட்டினால் போதும். எல்லாரும் வேண்டுவதும் அதுதான். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண் எரிந்தது, புகையாக இருக்கலாம்.

"தாண்டிச்சு மேடம். பத்துலயே எரிபொருள் விட்டுட்டேன். அப்புறம் நிறுத்தறதுக்கும் லேட் பண்ணிட்டேன்."

திவ்யா அவனைத் திட்டவில்லை. பேட்டரியை அணைத்தாள். "உள்ள திறந்து பாக்காம இது இனிமே நகராது," என்றாள் அண்ணாச்சியிடம்.

விழா நிற்கவில்லை. செயலர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தீவுகளின் வான்வரலாற்றில் இது ஒரு மைல்கல் என்று பேசி, நாடாவை வெட்டி, சேவை தொடங்கிவிட்டதாக அறிவித்தார். அறிவித்த கையோடு ஜெட்டிக்குப் போய்க் கார் நிக்கோபாருக்குக் கப்பலேறினார். உள்ளூர் இந்திப் பத்திரிகை மறுநாள் முதல் பயணம் இனிதே நிறைவேறியது என்று எழுதியது. செய்தியை முந்தின நாளே அச்சுக்குக் கொடுத்திருந்தார்கள். படத்தில் அண்ணாச்சியின் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது.

மெயின்லேண்டிலிருந்து எஞ்சினியர் வந்து, கேமரா வைத்த குழாயை எஞ்சினுக்குள் விட்டுப் பார்த்தார். டர்பைன் இதழ்கள் சிலவற்றின் நுனி தீய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால், அல்லது மறுபடி ஒரு தரம் முடுக்கியிருந்தால், எஞ்சினைப் பழைய இரும்புக் கடையில்தான் போட்டிருக்கவேண்டும் என்றார். அண்ணாச்சிக்குக் காதில் விழுந்தது "தீய்ந்திருந்தது" மட்டும்தான்.

"அவன மொதல்ல வீட்டுக்கு அனுப்புங்க," என்றார் திவ்யாவிடம்.

"அனுப்பலாம் சார். அடுத்து வர்றவரு ஒரு தரம் சுட்டுக்கிட்டுத்தான் கத்துப்பாரு. இவரு ஏற்கெனவே சுட்டுக்கிட்டாச்சு. உங்களுக்கு எது லாபம்?"

அண்ணாச்சி வியாபாரி. மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அதோடு வாலின் வலது பக்கத்திலும் தன் படத்தை ஒட்டச் சொன்னார். இனி விமானம் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் முகம் தெரியும். அந்த விமானத்துக்காக அவர் எடுத்த ஒரே உருப்படியான முடிவு அதுதான் என்று திவ்யா பிறகு சொல்வாள்.

மின்னி பேயில் சுரேந்திரனின் பேர் "ஆக் வாலா கேப்டன்" என்று ஆனது. நெருப்புக் கேப்டன். சிலர் அதை மெச்சிச் சொன்னார்கள், அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது. "எம்மகன் நெருப்பு வச்சுக் காட்டினான் பாருங்க, அப்புடி வேற யாருக்குமே வராதுங்க," என்று சொர்ணம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல இரண்டு தரம் முயன்றுவிட்டு விட்டுவிட்டான். தங்கப்பட்டைச் சட்டையைப் பறக்கும் நாளுக்கு மட்டும் என்று மடித்து வைத்தான். திவ்யா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தரம் அவளாகச் சொல்வதற்கு முன்பே கை மடிக்குப் போனது.

மழைக்காலம் முடியும் தறுவாயில் விமானம் உண்மையாகவே பறந்தது. கார் நிக்கோபாரிலிருந்து திரும்புகிற ஒரு காலையில் திவ்யா, "நீங்க கெளப்புங்க," என்று சொல்லிவிட்டுத் தன் கையைக் கட்டிக்கொண்டாள். வழியனுப்ப யாரும் வந்திருக்கவில்லை. தென்னைகள் எதிர்க்காற்றில் இவர்களைப் பார்த்து வளைந்து நின்றன. பேட்டரியைப் பார்த்தான். போதும். ஸ்டார்ட்டரைப் போட்டான். வேகம் பத்துக்கு வந்தது. காத்திருந்தான். பன்னெண்டைத் தாண்டி நிலைத்தது. லீவரைத் தள்ளினான். வெப்பம் ஏறியது, ஒரு கட்டத்தில் தயங்கியது, பிறகு சாதுவாக இறங்கி நின்றது. காத்தாடி ஒரே வட்டமாகிவிட்டது. சட்டைக்குள் முதுகு நனைந்திருப்பது அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

திவ்யா அடுத்த சுவிட்சைக் காட்டினாள். அவ்வளவுதான் அவளுடைய பாராட்டு.

பின்னால் மடியில் பூசணிக்காயோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "பய்யா, இது எப்பக் கெளம்பும்?" என்றாள்.

"கெளம்பிருச்சுங்கம்மா," என்றான் சுரேந்திரன்.

அவள் நம்பவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே காத்தாடியைப் பார்த்தாள்.