சித்திரையில் அடைகாத்த வண்டி

எங்களுக்கு அரசாங்கம் தொகுப்பு வீடு ஒதுக்கிய வருஷம், வீடு கட்ட வேண்டிய இடத்தில் ஒரு அமெரிக்கக் கார் நின்றுகொண்டிருந்தது.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. திருப்புலிவனத்தைத் தாண்டி வயலுக்கு நடுவே இருந்த எங்கள் காலனியில் அன்றைக்குச் சில சைக்கிள்களும் ஒரு டி.வி. பெட்டியும்தான் பெரிய சொத்து. அங்கே கப்பல் மாதிரி ஒரு கார் எப்படி வந்தது என்றால், அம்மா கேட்டு வாங்கி வந்தாள். கோழி அடைக்க.

அம்மா உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில், களத்தில் நெல் காயவைக்கிற வேலை செய்தவள். அந்தக் கார் மில் முதலாளியுடைய அப்பா காலத்தது. மில்லை மூடிவிட்டு அவர்கள் சென்னைக்குப் போனபோது, யாருக்கும் வேண்டாததாகக் களத்து ஓரத்தில் மண்ணில் புதைந்து நின்றது. "அந்தப் பிளசரக் குட்துட்டுப் போ மொதலாளி, கீரி வராத கோயி அடைச்சிக்குவேன்" என்று அம்மா கேட்டாளாம். அவர் சிரித்துவிட்டு, எடுத்துக்கொண்டு போ என்றாராம். நைனா ஒரு ஜோடி மாட்டை இரவல் வாங்கி, வண்டியின் முன் பம்பரில் நுகத்தடியைக் கட்டி, அதை மெயின் ரோட்டிலேயே இழுத்து வந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததாம். "மாட்டுக்கு பிரேக் கீது, வண்டிக்கு இல்ல, நீ பார்த்து வா" என்று நைனா டிரைவரிடம் சொன்னது காலனியில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது, எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டார்கள். ஆட்டோமொபைல் என்றேன். அதற்குப் பெரிய யோசனை எதுவும் காரணமில்லை. குடிசை வாசலில் ஒரு கார் நின்றது, அவ்வளவுதான். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துதான் நான் பாடம் படித்தேன். பின் சீட்டில் கோழிகள் இருந்தன.

படிப்பு முடிந்து, உத்திரமேரூரில் ஒரு டிராக்டர் ஒர்க் ஷாப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த சமயம் தொகுப்பு வீட்டுக்கு ஆர்டர் வந்தது. நைனா அன்று சாயங்காலமே வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"வைகாசி பொறந்தா கடக்கால் தோண்டணும். இது இங்க நிக்கக் கூடாது."

"ஓட வெச்சிடறேன் நைனா. ஓட்டிக்கினு போயி ஏரிக்கரை ஆலமரத்தாண்ட நிறுத்திக்கலாம்."

"ஓடுமா இது?"

"படிச்சிக்கீறன் இல்ல?"

நைனா என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "சரி. ஓடுச்சின்னா உன்து. ஓடலன்னா காயலாங்கடைக்காரன் வந்து வெட்டி எட்துக்கினு போவான். வூட்டுக்கு ஜன்னல் கம்பியாவது தேறும்."

அம்மாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. "ஓடுனாலும் என் கோயிக்கு வூடு போச்சி, வெட்டுனாலும் போச்சி. உங்களுக்கு மட்டும் மாடி வூடு" என்று முறத்தைத் தட்டிக்கொண்டு போனாள். தொகுப்பு வீட்டில் மாடியே கிடையாது.

தை மாதம் வேலையைத் தொடங்கினோம். தொடங்கினோம் என்றால் நானும் என் மாமன் மகனும். அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேட்டரிக் கடையில் வேலை செய்தான், எனக்கு மச்சான். முதல் வாரம் முழுக்க நாங்கள் செய்தது மெக்கானிக் வேலை அல்ல, சாணி வாருவது மாதிரியான வேலை. பல வருஷத்துக் கோழி எச்சம் தரைத் தகட்டின் மேல் சிமென்ட் போட்டது போல் இறுகியிருந்தது. மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். அம்மா அதையெல்லாம் கூடையில் வாரிக் கத்திரிச் செடிக்குப் போட்டாள். அந்த வருஷம் கத்திரிக்காய் அப்படிக் காய்த்தது.

எச்சம் போனதும் தரையும் போய்விட்டது. துரு தின்ற தகட்டில் எச்சம்தான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. எண்ணெய் டின்களை வெட்டித் தட்டிப் புதுத் தரை போட்டோம். பாமாயில் டின் மேல் இருந்த பனைமரப் படம், பிரேக் மிதிக்கிற இடத்தில் கடைசிவரை இருந்தது. பிரேக்தான் இல்லை. சக்கரத்துக்குள் இருந்த ரப்பர் எல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கை பிரேக் மட்டும் பிடித்தது. டயருக்கு, யாரோ கழற்றிப் போட்ட ஜீப் டயர்கள் நாலு கிடைத்தன.

இன்ஜின் இறுகிப்போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, ஓட்டை வழியாக டீசலை ஊற்றி ஊற வைத்தோம். தினமும் வேலையிலிருந்து வந்ததும் முதல் காரியம், இன்ஜினைச் சுற்றுகிற ஹேண்டிலை முன்னால் மாட்டி ஒரு முறை அழுத்திப் பார்ப்பது. அசையாது. மறுபடி டீசல். மாசி பாதியில் ஒருநாள் வழக்கம்போல் அழுத்தினேன், ஹேண்டில் வெண்ணெயில் இறங்குவது போல் கால் சுற்று இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் யாருக்கோ பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் தடியோடு ஓடிவந்தார்.

பங்குனி கடைசியில் கரண்டு கொடுக்கிற நாள் வந்தது. டிராக்டர் பேட்டரியை ஒருநாள் இரவல் வாங்கி, மச்சான் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தான். நான் டிப்ளமோக்காரன். வண்டி என்றால் பன்னிரண்டு வோல்ட் என்று படித்தவன். அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகள் ஆறு வோல்ட் என்று எந்தப் பாடத்திலும் இல்லை, நானும் எழுத்துத் தேய்ந்த டைனமோ தகட்டைத் துடைத்துப் பார்க்கவில்லை. ஒயரை மாட்டினேன்.

முதலில் இரண்டு ஹெட்லைட்டும் வெல்டிங் வைத்தது போல் எரிந்து, பட், பட் என்று போயின. அடுத்து ஹாரன். யாரும் தொடாமலே கத்த ஆரம்பித்தது. கன்று தொலைந்த எருமை மாதிரி ஒரே மூச்சில், நிற்காமல். உள்ளே இருந்த கோழிகள் அத்தனையும் நாலு ஜன்னல் வழியாகவும் ஒரே சமயத்தில் வெளியே பறந்தன. துணி சுற்றின பழைய ஒயர்கள் ஒவ்வொன்றாகப் புகைந்தன. மச்சான் பேட்டரி ஒயரைப் பிடுங்குவதற்குள் எல்லாம் கருகிவிட்டது.

சத்தம் நின்ற பிறகு அம்மா துடைப்பத்தோடு நின்றாள். "இன்னாடா பண்ணிக்கினு கீறீங்க? முட்ட போட்ற கோயிடா அது. இன்னும் ஒரு மாசத்துக்கு முட்ட போடுமா?"

மச்சான் மெதுவாகச் சொன்னான்: "ஹாரன் வேல செய்யுது அத்த."

துடைப்பம் அவன் முதுகில்தான் விழுந்தது.

நைனா சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து வந்த கருகல் நாற்றத்தை முகர்ந்துவிட்டு, "போதும்டா" என்றார். "இன்னும் இதுல கை வெச்சா குடிசையும் எரியும். சித்திர பொறக்கட்டும், காயலாங்கடைக்காரனுக்குச் சொல்லிடறேன்."

இன்ஜின் சுற்றுகிறது, கார்பரேட்டரைக் கழுவி மாட்டியாகிவிட்டது, ஒயரிங் மட்டும் புதிதாக இழுத்தால் போதும். எனக்கு வேண்டியது இருபது நாள். நைனாவிடம் இருந்ததோ ஒரு வாரம்.

சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் காயலாங்கடைக்காரர் மினி லாரியில் வந்து இறங்கினார். காஸ் சிலிண்டர், கட்டிங் டார்ச், கூட ஓர் ஆள். வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "நல்ல கனம்பா. இந்த மாதிரி தகடு இப்ப ஏது" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே பின் கதவைத் திறந்தார். உடனே கையை இழுத்துக்கொண்டார். புறங்கையில் ரத்தம்.

பின் சீட்டில் ஒரு பழைய கூடை, கூடைக்குள் வைக்கோல், அதன் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு எங்கள் கறுப்புப் பெட்டை. கண் மட்டும் எங்களைப் பார்த்து உருண்டது.

"யாரும் தொடாதீங்க" என்று அம்மா உள்ளிருந்து வந்தாள். "அட வெச்சிக்கிறேன்."

நைனாவுக்குப் புரியவில்லை. "எப்ப வெச்ச?"

"முந்தாநேத்து."

"சித்திரையில எவளாவது அட வெப்பாளா? இந்த வெயில்ல முட்ட வெந்துடும்."

"நான் வெப்பேன். மேல கோணி நனச்சிப் போட்டுக்கிறேன் பாரு."

போட்டிருந்தாள். காரின் கூரை முழுக்க ஈரக் கோணி, அதன் மேல் தென்னங்கீற்று. கூடையில் இடிக்குப் பயந்து கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் ஒரு ஆணியும் வைத்திருந்தாள். நைனா குனிந்து அதைப் பார்த்தார். "வண்டியே இரும்பு. அதுல எதுக்குடி ஆணி?"

"எனுக்குத் தெரியும்."

காயலாங்கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "கூடைய அப்டியே தூக்கி வேற எடத்துல வெச்சிடலாமேம்மா."

"அடையில கீற கோயிய எடம் மாத்துனா எந்திரிச்சிப் போயிடும். உன் வூட்ல கோயி கீதா?"

"கீது."

"அப்ப உனுக்கே தெரியும். மூணு வாரம் கயிச்சி வா."

அவர் நைனாவைப் பார்த்தார். நைனா வானத்தைப் பார்த்தார். அடைகாக்கும் கோழியைக் கலைத்தான் என்கிற பெயரை எடுத்துக்கொண்டு ஊரில் தொழில் செய்ய காயலாங்கடைக்காரருக்கு மனசில்லை. "பேஜாருபா உங்க வூட்டோட" என்று சொல்லி, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார். லாரி திரும்பும்போது அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "அந்தக் கோணி காஞ்சிடுச்சி பாரு, தண்ணி ஊத்து" என்றாள்.

அந்த மூன்று வாரம் நான் வேலை செய்தது போல் அதற்குப் பிறகு எங்கும் செய்ததில்லை. சுத்தியல் கூடாது. கதவை அறையக் கூடாது. பெட்டை தீனிக்கு இறங்குகிற நேரத்தில் மட்டும் டாஷ்போர்டுக்குப் பின்னால் படுத்து ஒயர் இழுப்பேன். அது திரும்பி வந்து, பின் சீட்டில் ஏறுவதற்கு முன் என் காலை ஒரு கொத்து கொத்தும். மச்சான் தன் கடையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளின் ஆறு வோல்ட் பேட்டரியைக் கொண்டுவந்தான். சின்னது. அதில் செல்ஃப் சுற்றாது, பிளக்குக்குப் பொறி மட்டும் கிடைக்கும். ஹேண்டில் அடித்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். டேங்க் முழுக்கத் துரு என்பதால், கூரையில் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டி டியூப் வழியாகப் பெட்ரோல் இறக்கினோம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி இருந்தது.

வைகாசிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அளவு போட மேஸ்திரி கயிறும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு வந்த அன்று காலையில்தான் கடைசி முட்டையும் பொரிந்தது. மூன்று கூமுட்டை, மற்றதெல்லாம் குஞ்சு. அம்மா கூடையை மார்போடு அணைத்து இறங்கினாள். பெட்டை அவள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடியது.

"இப்ப அடிச்சிப் பாரு" என்றாள்.

அடித்தேன். மச்சான் அடித்தான். மறுபடி நான். மேஸ்திரி கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வந்து அவரும் ஒரு கை அடித்தார். நைனா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தள்ளு" என்றார். வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்கிய தோள். ஒரே இழுப்பு. இன்ஜின் இருமியது, கறுப்பாக ஒரு புகை விட்டது, நின்றுவிடும் என்று நினைத்தோம், நிற்கவில்லை. நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சீராக ஓட ஆரம்பித்தது. மச்சான் என் தலையில் அறைந்தான். நான் அழுதேனா என்று இன்றுவரை என்னைக் கேட்பார்கள். புகை.

நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். "ஏறு நைனா."

"நானா? நான் நடந்து வரேன். ஆடு மாடு கீது, வெரட்டணும்."

"ஏறுய்யா" என்று அம்மா சொன்னாள். "ஊரே பாக்குது."

பின் சீட்டு முழுக்க வைக்கோலும் எச்சமும். முன்னால் என் பக்கத்தில் ஏறினார். முதல் கியரில், நடக்கிற வேகத்தில், காலனித் தெருவைத் தாண்டினோம். கை பிரேக்கை ஒரு கையால் பிடித்தபடியே இருந்தேன். காலனி முழுக்கக் கூட வந்தது. மெயின் ரோட்டில் ஏறியதும் கூட்டம் பின்தங்கியது. இரண்டாவது கியர் போட்டேன். நைனா ஜன்னலில் கையை வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார்:

"சித்திரையில அட வெச்சாளே உங்கம்மா. கோயிக்காகவா வெச்சா?"

"இல்லயா பின்ன?"

"போடா" என்றார். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். "மூணு வாரம் என்னயே ஏமாத்திக்கினு இருந்திருக்கா."

ஏரிக்கரைக்கு முன்னால் ஒரு டீக்கடை. நைனா தினமும் வேலைக்குப் போகும்போது ஓரமாக நின்று டீ குடிக்கிற கடை. "நிறுத்து, ஒரு டீ சாப்ட்டுப் போலாம்" என்றார்.

"ஆஃப் பண்ணக் கூடாது நைனா. பண்ணா இன்னொரு தபா யாரு அடிக்கறது?"

"அப்ப ஆஃப் பண்ணாத நிறுத்து."

கை பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். வண்டி முழுக்க அதிர்ந்துகொண்டிருந்தது. நைனா இறங்கப் போனார். உள் பக்கத்தில் கதவைத் திறக்கிற பிடி இல்லை, அதை நான் இன்னும் மாட்டவில்லை. ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கடைக்காரரைப் பார்த்துக் கத்தினார்:

"ரெண்டு டீ இங்க எட்தா! சீக்கிரம் வாப்பா, பெட்ரோல் போவுது!"

கடைக்காரர் இரண்டு கிளாஸையும் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். நைனா வாங்கி எனக்கு ஒன்று கொடுத்தார். தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு, சூடு ஆறட்டும் என்று ஊதினார். கூரையில் கேனிலிருந்து பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் இன்னொரு முறை ஊதி, ரொம்ப நிதானமாகக் குடித்தார்.