கப்சிப்பூரின் வரலாறும் புவியியலும்

கப்சிப்பூர் என்றொரு நகரம் இருந்தது. அட்லஸில் தேடினால் கிடைக்காது. உலகத்திலேயே அதிகமாகத் திருட்டு நடக்கிற ஊர் அதுதான் என்பதை நான் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையில் தெரிந்துகொண்டேன். அந்த ஊருக்குப் போய் உயிரோடு திரும்பி வந்த ஒரே ஆள் என் அத்தை என்பதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவளை ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காய்கறி மண்டி இருந்தது, தோட்டம் இருந்தது, மாடுகள் இருந்தன. கல்யாணத்தின்போது எனக்கு அம்மை போட்டுவிட்டதால் என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு மற்ற எல்லோரும் போய் விருந்து சாப்பிட்டு வந்தார்கள். அதனால் அந்த வீட்டு மனிதர்கள் யாரையும் நான் கண்ணால் கண்டதில்லை. அந்த ஏப்ரலில் ஒருநாள் காலை அத்தை ஷேர் ஆட்டோவில் தனியாக வந்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை மட்டும் வைத்திருந்தாள்.

அப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். எந்த வயரில் கோளாறு என்று கண்டுபிடிக்காமல் எதையும் கழற்ற மாட்டார். தங்கையிடமும் அதே மாதிரி டெஸ்டர் வைத்துப் பார்த்தார். அடித்தார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். வைதார்களா? இல்லை. சோறு போடவில்லையா? போட்டார்கள். மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கமா? அதெல்லாம் கிடையாது.

"அப்பறம் என்னதாண்டி கொற?" என்றார் அப்பா.

"எனக்கு அங்க இருக்க முடியலண்ணே. அம்புட்டுத்தான்."

அது அப்பாவுக்குக் காரணமாகவே படவில்லை. புதுசாக ஒரு வீட்டுக்குப் போனால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், அனுசரித்துப் போக வேண்டும் என்று அவரும் அம்மாவும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அத்தை மறுத்துப் பேசவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களை வரச் சொல்லியிருப்பதாகவும் அவர்களோடு கிளம்ப வேண்டும் என்றும் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அம்மா பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்து வைத்தாள்.

பெரியவர்கள் கவலையில் இருந்தார்கள். நான் சலிப்பில் இருந்தேன். தெருவில் என் கூட்டாளிகள் எல்லாரும் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். வந்தது முதல் அத்தை என்னோடுதான் உள்ளறையில் இருந்தாள். பெரும்பாலும் ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அவள் வந்த இரண்டாம் நாள் மதியம், பேசுவதற்கு வேறு எதுவும் கிடைக்காமல், ஒட்டன்சத்திரம் எப்படி இருக்கும் என்று கேட்டுவைத்தேன்.

"ஒட்டன்சத்திரம் நல்ல ஊருதான்டி. நான் இருந்தது அதுக்குள்ள இருக்குற இன்னொரு ஊரு" என்றாள். ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "திருட்டு ஊரு" என்று சேர்த்துக்கொண்டாள்.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊருக்குப் பெயர் என்ன என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்து, கப்சிப்பூர் என்றாள். அங்கே யாரும் சத்தம் போட்டுப் பேசக் கூடாதாம். சிரித்தால் குற்றமாம். வளையல் குலுங்கினால்கூட எங்கிருந்தோ ஒரு கண் திரும்பிப் பார்க்குமாம்.

எனக்கு ஒரு நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் தெரியும், அது சமூக அறிவியல் புத்தகத்தின் வழி. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லைகள், தட்பவெப்பம், ஆட்சிமுறை, மக்களின் தொழில் என்று வரிசையாகக் கேட்டேன். அத்தை முதலில் விளையாட்டாகத்தான் பதில் சொன்னாள். அப்புறம் அவளுக்கே அது பிடித்துப்போயிற்று. போன வருஷத்து மாதக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அதன் பின்பக்கத்தில் கப்சிப்பூரின் வரைபடத்தை நான் வரையத் தொடங்கினேன். அவள் சொல்லச் சொல்ல நகரம் தாளின் ஓரம்வரை வளர்ந்தது.

வடக்கே இரும்பு மலை. அது ராணி நினைத்தால்தான் திறக்கும். கிழக்கே தக்காளிக் கடல், அதன் கரையிலிருந்து தினமும் நூறு கப்பல் கேரளாவுக்குப் போகும். மேற்கே மாட்டு வனம். நடுவில் நெருப்பூர் என்றொரு பேட்டை, அங்கே வருஷம் முழுக்கக் கோடைதான். அரிசிக் கிடங்கு, எண்ணெய்க் கிடங்கு, சர்க்கரைக் கிடங்கு எல்லாவற்றுக்கும் பூட்டு. எல்லாச் சாவியும் ராணியின் இடுப்பில். ராணி நடந்து வருவதைச் சாவிக்கொத்தின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ராணிக்கு ஒரு மகன். அந்த இளவரசனுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனால் எந்தத் திருட்டு நடந்தாலும் அந்த நேரம் பார்த்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

எங்கள் தெருவில் சைக்கிள் திருட்டும் கோழித் திருட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் ஒரு திருட்டா என்று ஆகிவிட்டது எனக்கு. கப்சிப்பூர்க்காரர்கள் சாமான்களைத் திருடுவதோடு நிற்பதில்லை. ஊருக்குள் புதிதாக வருகிறவர்களின் பெயரைத்தான் முதல் நாளே எடுத்துக்கொள்வார்களாம். அந்தப் பெயரில் இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று சொல்லி வேறொரு பெயரைக் கையில் கொடுத்துவிடுவார்களாம். அடுத்தது செல்போன். அதற்கடுத்தது காலேஜ் சர்டிபிகேட். பிறகு தூக்கம். கடைசியில் பசி. பசியை எப்படித் திருட முடியும் என்று கேட்டேன். எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிறவரை காக்கவைத்துக் காக்கவைத்து, சோறு வரும்போது அது இருக்காது, எடுத்திருப்பார்கள் என்றாள். வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். உலகத்தில் இப்படியும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்களா என்று அந்தத் திருடர்கள்மேல் எனக்குப் பக்தியே வந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட என்னை மயக்கியது அவர்களுடைய பாஷை. கப்சிப்பூர்த் திருடர்கள் கத்தியைக் காட்டி மிரட்ட மாட்டார்கள். மகா மரியாதையாகப் பேசுவார்கள். அத்தை குரலை மாற்றி அப்படியே பேசிக் காட்டுவாள்.

"ஏனுங்க அம்மிணி, இந்தப் போனு உங்களுக்கு எதுக்குங்க, நானே பத்தரமா வெச்சுக்கறனுங்க. ஏனுங்க அம்மிணி, கூடத்துல ஆளுங்க இருக்காங்க, அந்தச் சிரிப்பக் கொஞ்சம் கழட்டி வெச்சுருங்க."

நாங்கள் வாரேன் போறேன் என்று பேசுகிற ஜனம். கோபம் வந்தாலும் கழுதை, கொஞ்சல் வந்தாலும் கழுதை. 'ஏனுங்க அம்மிணி' என்ற சொல்லை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை. அது திருடர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் அடையாளச் சொல் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். இன்று நான் வேலை பார்ப்பது பழனியில். காலையிலிருந்து மாலைவரை அந்தப் பாஷையில்தான் புழங்குகிறேன், அதைப்போல இதமான பேச்சு எனக்கு வேறெதுவும் இல்லை. அப்போது அது எனக்கு எப்படித் தெரியும்?

வரைபடத்தில் ஓரிடத்தை மட்டும் அத்தையே வரைந்தாள். தெற்குக் கோடியில் ஒரு கிணறு. என் நீலப் பென்சிலை வாங்கி, தாள் நைந்துபோகிற அளவுக்கு அழுத்தி அழுத்தித் தீட்டினாள். அந்த ஊரிலேயே அத்தைக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டபோது அதைத்தான் காட்டினாள். ஊர் முழுக்கப் பூட்டு, கிணற்றுக்கு மட்டும் பூட்டு இல்லை, மத்தியான வேளையில் அங்கேதான் போய் நிற்பேன் என்றாள். நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். முக்கிய இடங்கள் என்ற தலைப்பின்கீழ் எனக்கு அதுவரை ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. பிறகு, இதையெல்லாம் யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். மாமாவும் அவருடைய அம்மாவும். ஒரு பெட்டி மாம்பழமும் தார் தாராக வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார்கள். சூட்கேஸ் தயாராக வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்றது. அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள். நான் உள்ளறைக் கதவிடுக்கில் இருந்தேன், பெரியவர்கள் பேசும்போது வரக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அந்த அம்மாள் பேசினாள். தங்கள் வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை, மகள் மாதிரிதான் வைத்திருக்கிறோம், இன்றுவரை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்றாள். மெல்லிய, அழகான குரல். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியாக ஒருமுறை தங்கையைப் பார்த்து, "என்ன கொறன்னு அவுக முன்னாடியே சொல்லு ஆத்தா. இல்லைன்னா சந்தோசமாக் கெளம்பு" என்றார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா கொடுத்த கலர் சோடாவில் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கீழே வைத்த அந்த அம்மாள், கதவிடுக்கில் என்னைக் கண்டுவிட்டாள். சிரித்தாள்.

"ஏனுங்க அம்மிணி, அங்கியே நின்னுட்டீங்க? இப்பிடி வாங்க கண்ணு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தபோது இடுப்பில் சாவிக்கொத்து கிணுகிணுத்தது. சந்தேகமே இல்லை. உலகத்தின் மிகப் பெரிய திருட்டு நகரத்தை ஆள்கிற ராணி, எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இளவரசர். பயம் வந்திருக்க வேண்டும், எனக்கு வரவில்லை. சத்தியமும் மறந்துபோயிற்று. ஓடிப்போய் மெத்தைக்கு அடியிலிருந்து காலண்டர் தாளை எடுத்துவந்து அவள் காலடியில் விரித்தேன்.

"நீங்கதான் கப்சிப்பூர் ராணியா?" என்று கேட்டேன்.

அவள் புரியாமல் அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். ஆனால் ராணியின் முன்னால் பாடம் ஒப்பிக்கிற வாய்ப்பு இன்னொரு முறை கிடைக்குமா? எல்லைகளில் தொடங்கி மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். ஆட்சிமுறை சொன்னேன். மக்களின் தொழில் சொன்னேன். பெயர், போன், சர்டிபிகேட், தூக்கம், பசி என்று திருட்டுகளை வரிசைப்படி சொன்னேன். அந்த ஊர்ப் பாஷையைக்கூடப் பேசிக் காட்டினேன். மாமாவின் தலை குனிந்துகொண்டே போயிற்று. அந்த அம்மாளின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, யாரோ அதைக் கழற்ற மறந்துவிட்ட மாதிரி.

அடிப்பதற்கு எழுந்த அப்பா பாதியில் நின்றுவிட்டார். நான் கடைசித் தலைப்புக்கு வந்தேன்.

"இதான் கெணறு. ஊரெல்லாம் பூட்டு, இதுக்கு மட்டும் பூட்டு இல்ல. அத்தைக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இதான். மத்தியானமானா தெனமும் இங்கதான் வந்து நிப்பாக."

அம்மாவின் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்தது. அப்பா கீழே குனிந்து தாளை எடுத்தார். அந்த நீலப் பொட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மாமாவிடம், "மாப்பிள்ள, ஒங்க வீட்டுப் பின்னாடி கெணறு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க மச்சான்."

"மூடி போட்டிருக்கா?"

"இல்லீங்க."

அப்பா அடுக்களைப் பக்கம் திரும்பி அத்தையைப் பார்த்தார். அவளும் இப்போது நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்பா வாசலுக்குப் போய் சூட்கேஸைத் தூக்கி உள்ளறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"நீங்க கெளம்புங்க. எந்தங்கச்சி வரமாட்டா."

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அப்படிக் கும்பிட்டால் அதற்குமேல் பேச முடியாது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். மாமா முதலில் எழுந்தார், அவள் பின்னாலேயே போனாள். மாம்பழப் பெட்டியையும் வாழைத்தார்களையும் அம்மா காரில் ஏற்றிவிட்டு வந்தாள்.

எனக்கு அப்போதுதான் சத்தியம் ஞாபகம் வந்தது. ரகசியத்தை உடைத்துவிட்டேன், ராணி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், வரைபடத்தை அப்பா மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார், கேட்டால் தரமாட்டார். அத்தை அடிப்பாள் என்று எதிர்பார்த்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் அடிக்கவில்லை. வேறொரு தாள் எடுத்துவருகிறேன், இன்னொரு தடவை வரைந்து தா என்று கெஞ்சினேன்.

"அந்த ஊரு இப்ப இல்லடி. அழிஞ்சு போச்சு" என்றாள் அத்தை.

எப்போது, எப்படி அழிந்தது? பூகம்பமா, வெள்ளமா? நான் பதறிப்போய்க் கேட்டேன்.

"நீதாண்டி அழிச்ச, கழுத."

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். இரும்பு மலை, தக்காளிக் கடல், நூறு கப்பல்கள், மாட்டு வனத்தின் கன்றுக்குட்டிகள், மரியாதை தெரிந்த அத்தனை திருடர்கள். அவ்வளவு பெரிய நகரத்தை, வகுப்பில் ஒரு ரப்பர்கூடத் திருடியிராத நான், ஒரே முற்பகலில் தரைமட்டம் ஆக்கியிருக்கிறேன். என் கைகளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு பெரிய குற்றத்துக்கு என்ன தண்டனை கொடுப்பார்கள் என்று தேம்பிக்கொண்டே கேட்டேன். அத்தை பட்டுப்புடவை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, வீடே அதிரும்படி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கிறவளின் கண்ணீர் ஏன் என் முகத்தில் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.