ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வைரஸ்

முதல் தடவை அது கத்தியபோது நான் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஆலைச் சங்கு மாதிரி ஒரு சத்தம், அதற்கு மேல் ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உங்கள் விவரங்கள் திருடு போகின்றன, கணினியை அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. அப்பளம் கருகியதுதான் மிச்சம்.

அணைக்காதே என்றால் நான் அணைக்க மாட்டேன். அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகக் காலம் தள்ளியவள். சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தால் அதை யார் ஒட்டினார்கள் என்று கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது, கீழ்ப்படிந்துவிடுவோம். சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, திரைமேல் ஒரு துண்டைப் போர்த்தினேன். துண்டுக்குள் அது பாட்டுக்குச் சிவந்துகொண்டிருந்தது. அந்த எண்ணைக் கூப்பிடவில்லை. அதைப் புத்திசாலித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்பின் தெரியாதவர்களோடு ஆங்கிலத்தில் பேச எனக்கு வாய் வராது. அந்தக் கூச்சம்தான் என்னைக் காப்பாற்றியது.

ஆனால் அந்தப் பெண் குரலைத் திட்டினேன், வாய் வலிக்கத் திட்டினேன், எங்கள் பாஷையில். நாங்கள் சௌராஷ்டிரர்கள். நான் முனிச்சாலைப் பக்கம் பிறந்தவள். கணவருக்குக் கோர்ட்டில் வேலை என்பதால் தல்லாகுளத்தில் இந்த மாடி வீட்டுக்கு வந்தோம். இந்தச் சந்தில் எல்லாரும் நல்லவர்கள்தான், எங்கள் பாஷைக்குத்தான் ஆள் இல்லை. அவர் இருந்தவரை இரண்டு பேர் போதுமாக இருந்தது. அவர் போன பிறகு அந்தப் பேச்சு என் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. ஆற்றைத் தாண்டி முனிச்சாலைக்குப் போனால் பேச ஆள் உண்டு, முழங்கால் சம்மதிப்பதில்லை. தமிழில் நான் பால் வாங்குவேன், கரண்டு ஆபீசில் சண்டை போடுவேன். முதுகு வலிக்கிறது என்று முனக மட்டும் அது போதுவதில்லை. ஆக, அந்த வாரம் முழுக்க நான் என் பாஷையில் வாய் நிறையப் பேசியது அந்தத் திருட்டுப் பெண்ணிடம்தான்.

மகள் ஒருத்தி இருக்கிறாள். பனி கொட்டுகிற ஓர் ஊரில், கணினி வேலை. மாப்பிள்ளை வேறு பாஷைக்காரர், தங்கமான மனுஷர். தினமும் போன் வரும். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, சரி வைக்கட்டுமா. ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து போகிற மாதிரிதான். பாவம், அவளுக்கு ஓட்டம். நான் கோபித்துக்கொள்வதில்லை, போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வைரஸ் கதையைச் சொன்னதும் பதறிப்போனாள். அது ஏமாற்று வேலை, எதையும் தொட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே அங்கே வந்து பார்க்கிறேன் என்றாள். எங்கே வந்து? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் கூப்பிட்டு, கணினியில் எதையோ இறக்கச் சொன்னாள், திரையில் வந்த எண்ணை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். திரையில் இருந்த அம்பு தானாக நகர்ந்தது. என் இரண்டு கையும் மடியில் இருக்கின்றன, மவுஸ் சும்மா கிடக்கிறது, அம்பு மட்டும் விறுவிறுவென்று போய் ஒவ்வொன்றாகத் திறக்கிறது. அது என் மகளின் கை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, அவளுக்கு என் முகம் தெரியவில்லை.

காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்தால், உங்களுக்குச் செய்தி அனுப்பலாமா என்று ஓரத்தில் கேட்கும். அனுமதி, தடு என்று இரண்டு பட்டன். கேட்டதற்கெல்லாம் நான் அனுமதி கொடுத்து வைத்திருக்கிறேன். அவைதான் இப்படி வந்து கத்துகின்றனவாம். பின்னே? வாசலில் நின்று கேட்கிறவர்களை வாங்க என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் பழக்கம். முகத்தில் அடித்த மாதிரி தடு என்று எப்படிச் சொல்வது? மகள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

கை வேலையாக இருந்தால் அவளுக்குப் பேச்சு தானாக வரும். சின்ன வயதிலேயே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். மொச்சையை உரிக்கக் கொடுத்தால் எல்லாக் கதையும் வெளியே வரும். அன்றைக்கும் வந்தது. மேலதிகாரியைப் பற்றிய புகார், புளி கிடைக்காமல் எலுமிச்சை பிழிந்து வைத்த ரசம், பனியில் வழுக்கி விழுந்து யாரிடமும் சொல்லாமல் மறைத்தது. எல்லாம் எங்கள் பாஷையில். கடைசியில், ஓர் அனுமதியை எடுத்துவிட்டேன், இன்னும் நிறைய இருக்கிறது, மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள்.

அடுத்த வாரமும் ஒன்று. அதற்கடுத்த வாரமும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மேசையைத் துடைப்பேன், நல்ல சேலை உடுத்துவேன். அம்புக்குக் கண்ணா இருக்கிறது என்று எனக்கே சிரிப்பு வரும். மற்ற நாட்களில் சங்கு ஊதினால், ஊது, ஊது என்று விட்டுவிடுவேன். ஒரே ஒரு பயம்தான். எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டால் மறுபடியும் மாத்திரை போட்டாச்சா என்பதோடு போன் முடிந்துவிடும். அதனால் எத்தனை மிச்சம் என்று நான் கேட்கவே இல்லை.

கீழ் வீட்டில் குடியிருக்கும் பெண்ணுக்குச் சொந்த ஊர் மேலூர். ஏதோ கம்பெனியில் கணினி முன்னால் உட்காருகிற வேலை. ஒருநாள் சாயங்காலம் முருங்கைக்காய் கொடுக்க மேலே வந்தவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டாள்.

"என்னம்மா, இம்புட்டு நாளா இதையா வச்சுக்கிட்டு இருக்கீங்க? ரெண்டு நிமிச வேலை. அம்புட்டையும் ஒரே தட்டுல தூக்கிரலாம்."

அப்படியெல்லாம் முடியாது, வாரத்துக்கு ஒன்றாகத்தான் எடுக்க வருமாம், என் மகள் சொல்லியிருக்கிறாள் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"உங்க மகளுக்கு இது தெரியாமயா இருக்கும்? அவங்க வேலையே இதுதானம்மா," என்று யதார்த்தமாகச் சொல்லிவிட்டு அவள் மவுஸைப் பிடித்தாள்.

தெரியும். முதல் ஞாயிற்றுக்கிழமையே என் மகளுக்குத் தெரியும். தெரிந்துதான் வாரம் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஊரில் அவளுக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, நல்ல புருஷன் இருக்கிறான். வழுக்கி விழுந்தால் எங்கள் பாஷையில் முனக யார் இருக்கிறார்கள்? தனிமை என்றால் அது என் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்பு எல்லாவற்றையும் நீக்குகிற பட்டன் பக்கத்தில் போய்விட்டது. கீழ் வீட்டுப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்மா, இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை மக வருவா."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முருங்கைக்காயை வைத்துவிட்டுப் போனாள். கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணை வாசித்தேன். அம்பு வந்தது. இன்னும் கத்துகிறதா என்று மகள் கேட்டாள்.

"கத்துது," என்றேன். "போன வாரத்தைவிட அதிகமா."

"அப்ப மெதுவாவே பாக்கலாம்மா," என்றாள்.

அம்பு எங்கேயும் போகாமல் திரையின் நடுவில் நின்றது. அவள் பேச ஆரம்பித்தாள்.