நிற்பதற்கு ஒரு சாக்கு

பாகூர் பக்கத்து ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்த முதல் நாளே கலியபெருமாள் முறைத்துக்கொண்டார். பீடியும் அரிசி மில் தூசியும் சேர்ந்து அவர் நுரையீரலைக் கெடுத்திருந்தன. வராண்டாவில் அந்தக் கோடிவரை நடக்கச் சொன்னேன்.

"அங்க போயி இன்னா எடுத்தாரணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா நடங்க."

"சும்மா நடக்கிறதுக்கு நான் இன்னா கலெக்டரா சிஸ்டர்?"

கூட வந்த மகன் செல்வம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். திருபுவனையில் கம்பெனி வேலை அவனுக்கு. "வயலுக்கு நடந்து போவ முடியல இவரால. அறுப்பு முடிஞ்சதும் குத்தகைக்கு வுட்டுடலாம்னு இருக்கேன். வுட்டா ஆளு படுத்துடுவாரு. நீங்கதான் எதுனா பண்ணணும்."

பண்ணினேன். மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விடணும். மூச்சு முட்டுவதற்கு முன்னாலேயே நின்றுவிடணும். எங்கள் வேலையில் இதற்குப் பேசிங் என்று பேர். வராண்டாவில் ஜோராக நடந்தார். வயலுக்கு மட்டும் போகவே இல்லை.

"நடுரோட்டுல நின்னா, போறவன் வர்றவன்லாம் 'இன்னா மாமா, முடியலையா'ன்றான். ஊரு வாய மூட ஒலமூடி ஏது சிஸ்டர்?"

வகுப்பில் இருந்த நல்லவாடு குப்பத்து அஞ்சலை சிரித்துவிட்டாள். விறகடுப்புப் புகையில் நெஞ்சு கெட்டும் மீன் கூடையை விடாதவள்.

"அட போண்ணா! எனக்கு மூச்சு வாங்குனா எந்த வூட்டு வாசல்லனாலும் கூடைய எறக்கிடுவேன். மீன் விக்கிறான்னுதான் நெனைப்பாங்க. நிக்கிறதுக்கு ஒரு சாக்கு வேணும், அவ்ளோதான்."

"உனக்குக் கூடை இருக்கு. எனக்கு?"

"கண்ணு இருக்குல்ல? வெவசாயி வயலப் பாத்து நின்னா எவன் கேப்பான்?"

எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள்!

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆக்சிஜன் பார்க்கிற மிஷினோடு நானும் அவர் கூட நடந்தேன். கரும்பைப் பார்த்து நின்றார். நெல்லைப் பார்த்து நின்றார். பைக்கில் வந்த ஒருத்தன், "இன்னா மாமா, மூச்சு வாங்குதா?" என்றான். குவித்த உதட்டால் மூச்சை முழுசாக விட்டு முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்: "உன் வயல்ல கோரை மண்டிக் கெடக்குதேடா, அதான் பாக்குறேன்." வந்தவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான்.

செல்வம் எங்களுக்காக வரப்பில் காத்திருந்தான். கலியபெருமாள் அவனைத் தாண்டிப் போய், குனிந்து மடையைப் பார்த்தார்.

"இப்டியாடா மடை கட்டுவ? குத்தகைக்காரனுக்குப் போனைப் போடு. வர வேணாம்னு சொல்லு."

செல்வம் என்னைப் பார்த்தான். நான் மிஷினைப் பார்த்தேன். ஆக்சிஜன் சரியாகத்தான் இருந்தது. அவன் போனை எடுத்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எவ்வளவு தூரம் நடக்க முடியுது என்று மட்டும் கேட்காதீர்கள். வழியில் யார் யாரைத் தாண்டிப் போகணும் என்றும் கேளுங்கள்.