தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

இன்று கார்த்திகை முதல் நாள். எனக்கு எழுபத்தாறு வயது, இரண்டு மாதம்.

காலையில் குளியலறைத் தாழ்ப்பாளை, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மருமகள் கழற்றிவிட்டாள்.

"இந்த வயசுல உள்ள தாழ்ப்பாள் போடறது ஆகாதுங்க. இனிமே கதவுல செவப்புப் பனியன் வேஸ்ட் துணி தொங்குனா உள்ள ஆளிருக்குதுன்னு அர்த்தமுங்க அத்தை. ஆரும் வரமாட்டாங்க."

"ஊட்டுக்குள்ளயும் கம்பெனி ரூல்ஸா கண்ணு? உம்புருசன் மறந்துபோயி உள்ள வந்துட்டா?"

"அப்பறம் அவருக்கு ஊட்டுல சோறில்லீங்க."

மானம், மரியாதை என்று சிறிது நேரம் வாதாடிவிட்டு, வேண்டாவெறுப்பாக இணங்குவதுபோல் இணங்கினேன். உள்ளுக்குள் அப்படியொரு நிம்மதி.

சென்ற ஆடியில், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், தாழிட்ட அந்த அறைக்குள் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் நெடுநேரம் கிடந்தேன். அன்றிலிருந்து தாழிடும்போதெல்லாம் பயம். இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. இதை மருமகள் படிப்பதற்குள், வாசிக்கும் நீங்கள் என்னைத் திட்டி முடித்துவிடுங்கள்.