ஸ்டெல்லா டீச்சரின் சாம்பல் நிறக் கார்

இன்று காலை டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்குப் போகலாமென்று காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருகினேன். மறுபடியும் டிக். கொழும்பிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். "அம்மா, நீங்க ஒண்ணும் செய்யாதீங்க, நான் கராஜ்ல சொல்லி ஆள் அனுப்புறேன்" என்றான். சரியென்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே சாரல். கண்ணாடியில் மூச்சு படிந்து மங்கியது. எங்கிருந்தோ ஈரத்துணியும் பெட்ரோலும் கலந்த வாசம் வந்தது. என் காரில் அந்த வாசம் வர நியாயமே இல்லை. அது ஸ்டெல்லாவின் கார் வாசம்.

நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் எனக்கு முதல் வேலை. ஸ்டெல்லா, புஷ்பம், நான் என்று மூன்று டீச்சர்மாரும் ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஸ்டெல்லாவின் அண்ணன் கனடா போகும்போது தன்னுடைய பழைய சாம்பல் நிறக் காரை அவளிடம் விட்டுப் போயிருந்தார். ஒரு பொம்பளை கார் ஓட்டுவதைப் பார்க்க அந்த நாளில் கொழுந்து பறிக்கிறவர்கள்கூட நிமிர்ந்து நிற்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் பெருமை தாங்காது, ஏதோ நான் ஓட்டுகிற மாதிரி.

அந்தக் கார் நினைத்தால் கிளம்பும், நினைத்தால் கிளம்பாது. புஷ்பத்துக்கு எப்போதும் ஒரே காரணம்தான். "பெட்ரோல் தீந்திருச்சு புள்ள." முந்தின நாள்தான் நிரப்பியிருப்போம். ஸ்டெல்லா சட்டை செய்யமாட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவாள். தமிழ் படிப்பித்த எனக்குக் காரைப் பற்றித் தெரிந்தது அதன் நிறம் மட்டும்தான்.

எங்கள் பாடசாலையில் முதல் தடவையாகச் சில பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதிய வருஷம் அது. வசந்தியும் அவர்களில் ஒருத்தி. பரீட்சையின் முதல் நாள் காலையில் ஹட்டனுக்குப் போகவேண்டும். இரவெல்லாம் மழை. மற்றப் பிள்ளைகள் முந்தின நாளே ஹட்டனிலிருக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். வசந்திக்கு அங்கே யாருமில்லை. விடியும்போது அவளும் அவள் அம்மாவும் எங்கள் வாசலில் நிற்கிறார்கள். அம்மா தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் வந்திருந்தார்.

"மேல மண்ணு சரிஞ்சிருச்சாம் டீச்சர். பஸ் வராதாம்."

சரிந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஹட்டன் பாதை திறந்துதான் இருந்தது. ஸ்டெல்லா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். திருகினாள். டிக்.

தள்ளலாமென்றால் கார் ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் நின்றது. சேற்றில் அதை மேலே ஏற்ற எங்களால் முடியாது. புஷ்பம் வாயைத் திறந்தாள். நான் அவள் கையைக் கிள்ளினேன்.

ஸ்டெல்லா ஹார்னை அடித்தாள். நன்றாகவே கத்தியது. "பேட்டரி சாகல. நீங்க முன்னால நின்னு லைட்டப் பாருங்க" என்றாள் என்னிடம். லைட் பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருகியதும் செத்த மாதிரி மங்கியது. "மங்குது, மங்குது" என்று கத்தினேன். "மங்குனா ஸ்டார்ட்டர் கரண்ட இழுக்கப் பாக்குது, கெடைக்கல. கரண்ட் போற வழியிலதான் கோளாறு." பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினாள், துடைத்தாள், இறுக்கினாள். திரும்பவும் டிக்.

வசந்தி வெள்ளைச் சீருடையில் சேறு படாமல் ஒதுங்கி நின்றாள். "டீச்சர், நான் நடந்தே போயிரவா?" என்றாள்.

"நீ ஒன் பாடத்தப் பாரு. இது என் பாடம்" என்றாள் ஸ்டெல்லா, திரும்பாமலே.

பிறகு புஷ்பத்தைச் சாவியைத் திருகச் சொல்லிவிட்டு, பேட்டரியிலிருந்து கார் உடம்புக்குப் போகும் தடித்த வயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது போல்ட்டில் மாட்டியிருந்த இடத்தில் கையை வெடுக்கென்று எடுத்தாள். "சுடுது! இங்கதான்!" கழற்றிப் பார்த்தால் முழுக்கத் துரு. பென்சில் சீவும் கத்தியால் பளபளவென்று வரும்வரை சுரண்டி, மறுபடி மாட்டினாள். திருகினாள். எஞ்சின் இருமி, உறுமி, பிடித்துக்கொண்டது. வசந்தியின் அம்மா காரைப் பார்த்துக் கும்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

பரீட்சை நிலைய வாசல் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். வசந்தி ஓடினாள். அவள் உள்ளே போனபிறகும் ஸ்டெல்லா எஞ்சினை நிறுத்தவில்லை. காவலாளி வந்து சிங்களத்தில் சத்தம் போட்ட பிறகுதான் மனமில்லாமல் நிறுத்தினாள். பரீட்சை முடிந்து வந்த வசந்தி எப்படி எழுதினேன் என்று சொல்லவில்லை. "கார் ஸ்டார்ட் ஆகுதா டீச்சர்?" என்றுதான் கேட்டாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். இப்போது அவளும் டீச்சர்தான்.

இன்றைக்கு வந்த கராஜ் பையன் என் காரில் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்து, "பேட்டரி முடிஞ்சிருச்சுங்க" என்றான். புதியதை மாட்டிவிட்டு, நான் தேநீர் ஊற்றுவதற்குள் போயும்விட்டான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்டெல்லா அண்ணனோடு சேர்ந்துகொள்ளக் கனடா போனாள். காரைத் தலவாக்கலைக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். பாடசாலை மாடிக் கட்டடமாகிவிட்டது. எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த பள்ளத்தை மண் கொட்டி மேவிவிட்டார்கள். போன மழைக்காலத்தில் புஷ்பமும் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்து ஸ்டெல்லாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே இன்னும் விடியவில்லை. அவள் தலை நரைத்துப் போயிருந்தது. இரண்டு பேருக்கும் போனை வைக்க மனம் வரவில்லை.