கல்வீட்டுக் கண்ணு

இருபத்தேழு அங்குலம். ரைஸ்மில் மொதலாளி கட்டுன வீட்டுச் சுவரோட கனம் அது. மறந்துடாதீங்க.

தோண்டத் தோண்ட வண்டல்தான் வரும் நம்ம பக்கம். அங்க ஒரு மனுசன், புதுக்கோட்டையிலேருந்து கருங்கல்லு எறக்கி மாடிவீடு கட்டுனாரு. நெல்லு காயுற களத்தைப் பார்த்த சுவத்துல, மாடி உசரத்துல, ஒரே ஒரு பொந்து. கை நொழையுற அகலம். களத்துப் பொம்பளைங்க அதுக்கு வச்ச பேரு ‘கண்ணு’.

செவ்வந்தி இருவது வருசம் அந்தக் களத்துல காலால நெல்லத் தொழாவுனவ. ஒருநாளும் உக்காந்ததில்ல. மாசமா இருந்த பிரகதாம்பாள் ஒருதடவ நெல்லுக் குமிக்குப் பின்னால செத்த நேரம் குந்துனா. பொழுது சாயறதுக்குள்ள கணக்கப்பிள்ளை வந்துட்டாரு.

“மொதலாளி மேலேருந்து பார்த்துட்டாரு. நாளைக்கு வராத.”

சங்கத்துல சேரலாமான்னு கிசுகிசுத்தவளுங்களுக்கும் அதே கதி.

மொதலாளி செத்தாரு. தொண்ணூத்தேழுல மில்லும் நின்னுச்சு. மகன் சிங்கப்பூர் போறப்ப சாவிய செவ்வந்திகிட்ட குடுத்துட்டு, “களத்த நீங்க வச்சுக்கங்கக்கா”ன்னாரு.

அவ குத்தகைக்கு வெளைய வச்ச நெல்லு. அவிச்சாச்சு. மேக்கால மழை கட்டுது. அன்னிக்குக் காயலன்னா புளிச்சு நாறிப்போவும், வருசச் சோறு போச்சு. பழைய கூட்டாளிங்களக் கூப்ட்டா. வந்தவளுங்க களத்து ஓரத்துலயே நின்னுட்டாளுங்க.

“கெழவன் அங்கதான்டி நிக்கிறான்.”

“செத்தவன் உன் கூலியவா புடிப்பான்?”

“அம்புட்டுத் தைரியம்னா நீ ஏறிப் பாரேன், சாவிக்காரி!”

ஏறுனா. பட்டப்பகல்லயே உள்ள இருட்டு. கல்லு சில்லுன்னு இருந்துச்சு. அவ விட்ட மூச்சு, பின்னால வேற யாரோ விடுற மாதிரி கேட்டுச்சு. எக்கிப் பொந்துல கண்ண வச்சா.

வானம். மில்லுப் பொகபோக்கி நுனி. அவ்வளவுதான்.

குனிஞ்சு பார்த்தா, சாஞ்சு பார்த்தா, களம் தெரியவேயில்ல. அம்மாங் கனத்த சுவரு கீழ பார்வைய எறங்க விடல. காத்துக்கு வச்ச பொந்து அது. அங்கேருந்து எவனும் எவளையும் பார்த்திருக்க முடியாது.

அப்ப களத்துல நடந்தத மேல போய்ச் சொன்னது யாரு?

கீழ வந்தா. எல்லாரும் அவ மொகத்தையே பார்த்தாளுங்க.

“என்னடி தெரிஞ்சுது?”

நெசத்தச் சொன்னா ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாப்பா. அப்புறம் எவ கால வைப்பா?

“களம் பூராத் தெரியுதுடி. ஆனா அங்க யாருமில்ல.”

எறங்கித் தொழாவுனாளுங்க. நெல்லு காஞ்சுது. செவ்வந்தியால மட்டும் எவளுக்கும் முதுகக் காட்டி நிக்க முடியல. அவளத் தவிர களத்துல இருந்தது அஞ்சு பேரு.